கவுளி கேட்காத வாக்கு

செல்லாண்டியம்மன் கோயில் கவுளி தமிழுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு இங்கிலீசுக்கு மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்த வருசத்தில்தான் என் மகள் சம்ருதா என்னை விட்டுப் போனாள். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்ல எனக்கு வராது, அதனால் கவுளியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பக்கம் கவுளி என்றால் பல்லிதான். வீட்டுச் சுவரில் இருந்தால் பல்லி, அம்மன் தலைக்கு மேலே உத்தரத்தில் இருந்தால் கவுளி. பெண் எடுப்பதென்றாலும், கொடுப்பதென்றாலும், தண்ணீருக்குப் போர் போடுவதென்றாலும், ஓடி ஓய்ந்த தறியைப் பழைய இரும்புக்குப் போடுவதென்றாலும், கோயிலில் பூசை செய்கிற பண்டாரம் தட்டில் சூடம் ஏற்றுவார், காரியத்துக்கு உரியவர் அம்மன் முன்னால் நின்று தன் வாயால் காரியத்தைச் சொல்வார், சூடம் அணைவதற்குள் கவுளி சத்தம் கொடுத்தால் அம்மன் சம்மதம், கூடியிருக்கிற எல்லாரும் குனிந்து விரலால் தரையைத் தட்டுவார்கள், காரியம் நடக்கும், கொடுக்காவிட்டால் நடக்காது. ஒரு காரியத்தை ஒரு தடவைதான் கேட்கலாம். கேட்ட பிறகு அதை மீறிப் பேசினால் பேசினவருக்கு ஒன்றும் ஆகாது, யாருக்காகப் பேசினோமோ அவருக்குத்தான் ஆகாது என்பது ஊரின் பயம்.

இன்னொன்று தறி. எங்கள் ஊரில் தறிச்சத்தம் இல்லாத நேரம் என்றால் கரண்ட் போன நேரம்தான். தறி ஓடும்போது எங்கள் ஊர்க்காரர் யாரும் தொண்டையைத் தொடுவதில்லை, ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா அங்கும் இங்கும் அடிக்கிற அடியில் கத்தினாலும் கேட்காது என்பதால் உதடு மட்டும் பேசும், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தறிகள் ஓடுகிற குடோனின் இந்தக் கோடியில் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற நான் அந்தக் கோடியில் தறி ஓட்டுகிற என் வீட்டுக்காரரைச் சோற்றுக்குக் கூப்பிடுவதும், அவர் குழம்பு என்ன என்று கேட்பதும், கத்தரிக்காய் என்றதும் முகத்தைத் திருப்புவதும் எல்லாம் சத்தமில்லாமல்தான். எங்கள் ஊரில் பெரிய சண்டைகளே அப்படி நடந்திருக்கின்றன. பிறந்த பிள்ளையைக் குடோனுக்குள்ளேயே தொட்டில் கட்டிப் போடுகிற பிழைப்பு, அதனால் சம்ருதா முதல்முதலாக அம்மா என்று சொன்னபோதும் சத்தம் வரவில்லை. உதடு ஒட்டியது, திறந்தது. நான் பார்த்துக்கொண்டேன்.

நாங்கள் சம்மு என்று கூப்பிடுகிற சம்ருதாவைப் பல்லடம் ரோட்டில் இருக்கிற இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, பிள்ளைகளோடு வீட்டில் இங்கிலீசு பேச வேண்டும் என்று சொல்லி அம்மாக்களுக்கும் சனிக்கிழமை வகுப்பு வைத்தார்கள். நான் ஆறாவதோடு தார் மிஷினுக்கு வந்தவள். பேர் சொல்வது, ஊர் சொல்வது, காய்கறி பேர் எல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். அதற்கப்புறம் ஜெசிந்தா மிஸ் போர்டில் ஒரு கேள்வியை எழுதிப் போட்டு, இதில் உங்கள் கருத்து என்ன, ஐ திங்க் என்று ஆரம்பித்து ஒவ்வொருவராக எழுந்து சொல்லுங்கள் என்றார். மழை நல்லதா வெயில் நல்லதா, பிள்ளைக்குப் பால் நல்லதா ராகிக்கூழ் நல்லதா, இவ்வளவுதான் கேள்வி. எனக்கு இங்கிலீசு தெரியாதது ஒரு கஷ்டம், கருத்து என்பது எனக்குள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதது அதைவிடக் கஷ்டம். எழுந்து நிற்பேன், மனசுக்குள் வாக்கியம் வரும், மிஸ் என் முகத்தையே பார்ப்பார், பிறகு பக்கத்தில் வந்து, "நாச்சி, உதடு அழகா அசையுது, சத்தத்தை எங்க வெச்சுட்டு வந்தீங்க?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே உட்காருவேன்.

அந்தச் சமயம் கோயிலுக்குப் புதிதாக டைல்ஸ் ஒட்டினார்கள், ஒட்டினதிலிருந்து கவுளி வாயைத் திறக்கவில்லை. கேட்கிற காரியம் எல்லாம் அப்படியே நின்றது. போர் போடாமல் தண்ணீர் வண்டி வந்துகொண்டிருந்தது, பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் போனபடியே இருந்தார்கள், யார் வீட்டிலும் எதற்கும் ஆம் இல்லை என்று சொல்ல ஆளில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கரண்ட் போன நேரமாகப் பார்த்து நான் விளக்குப் போடப் போனேன். கோயிலில் யாரும் இல்லை. வீட்டில் யாரிடமாவது சத்தமாகச் சொல்லிப் பழகி வாருங்கள் என்று மிஸ் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது, அம்மனும் பொம்பளைதானே என்று, ஐ திங்க் ரெயின் இஸ் பெட்டர் என்று சொன்னேன். கவுளி சொன்னது. அது மட்டுமில்லை, சமையல்கட்டுச் சுவர்களிலும், குடோன் தகரங்களுக்கு அடியிலும், பஸ் ஸ்டாப் நிழற்குடையிலும், ஊரில் எத்தனை பல்லி உண்டோ அத்தனையும் ஒரே நேரத்தில் சொன்னது.

பண்டாரம் பின்பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என்ன கேட்டாய் என்றார். ஒன்றும் கேட்கவில்லை, மழைதான் நல்லது என்று சொன்னேன் என்றேன். அதைத்தானே நானும் தினமும் சொல்கிறேன் என்றார்.

"இங்கிலீசுல சொன்னனுங்க."

அவர் உத்தரத்தைப் பார்த்தார், விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார், திரியைத் தூண்டினார். "செரி அம்மிணி. அம்மனுக்கு இப்ப அப்படி வேணுமாட்ட இருக்குது" என்றார்.

ஊரும் அதைத்தான் சொன்னது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டைல்ஸ் ஒட்ட வந்தவர்கள் வடக்கத்திக்காரர்கள், அவர்கள் பேசியதைக் கேட்டுக் கவுளி கெட்டுப்போனது என்று ஒருவர் சொன்னார், அப்படியென்றால் அது இந்தி அல்லவா கேட்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னதும் அந்தப் பேச்சு முடிந்துபோனது. அடுத்த வெள்ளிக்கிழமை தறி முதலாளி ஒருவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்து, ஐ திங்க் போர் போட்டுடலாம் என்றார், கவுளி வாலை மட்டும் அசைத்தது. மில்லில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர் இங்கிலீசுப் பேப்பரைக் கொண்டுவந்து சூடம் எரியும் மட்டும் மூச்சுவிடாமல் படித்தார், கவுளி சொல்லவில்லை, அது பேப்பர்காரன் கருத்து என்று பண்டாரம் விளக்கம் சொன்னார். காலேஜ் போகிற பையன் ஒருவன், எனக்குப் படிப்பு என்றால் உயிர் என்று நல்ல இங்கிலீசில் சொன்னான், அதற்கும் கவுளி சொல்லவில்லை, ஊரே சிரித்தது, அவனுடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது: இங்கிலீசாகவும் இருக்க வேண்டும், சொல்கிறவரின் சொந்தக் கருத்தாகவும் இருக்க வேண்டும், மெய்யாகவும் இருக்க வேண்டும். ஊரில் அதற்குப் பழகினவர்கள் யார் என்றால் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிற நாங்கள்தான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். வகுப்புக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்களை வீட்டுக்காரர்கள் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார்கள். சனிக்கிழமை வெங்காயம் உரிப்பது மாமியார்கள் வேலையாயிற்று. டீக்கடையில் வயசான ஆண்கள் ஒப்பீனியன், ஒப்பீனியன் என்று உதட்டைக் குவித்துப் பழகினார்கள். வீட்டுப்பாடம் செய்கிற பிள்ளை ஐ திங்க் மேங்கோ இஸ் ஸ்வீட் என்று சொன்னால் அந்த வீட்டுப் பல்லி உடனே ஆமோதித்தது, உள்ளே சோறு வடித்துக்கொண்டிருப்பவளும் கரண்டியை வைத்துவிட்டுக் குனிந்து தரையைத் தட்டினாள். பக்கத்துக் குடோன் மயிலாத்தாளின் மகளுக்குப் பன்னிரண்டாவது முடிந்த கையோடு மாப்பிள்ளை பார்த்து, சம்மதம் கேட்கக் கோயிலில் கூடியபோது, மயிலாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன் மை ஒப்பீனியன் ஷி இஸ் ஸ்மால், ஷி வில் ஸ்டடி என்றாள். ஊர்ப் பல்லி அத்தனையும் சொன்னது. மாப்பிள்ளை வீட்டாரும் எங்களோடு சேர்ந்து குனிந்து தரையைத் தட்டிவிட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் தறிச்சத்தத்துக்கு நடுவே அவள் என் எதிரில் வந்து நின்று உதட்டால் சொன்னாள்: "தேட வேண்டியதில்லடி. உள்ள இருக்கறதுதான். எடுத்து வெளிய வெச்சாப் போதும்."

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு அண்ணன் ஒருவர், நாகமாணிக்கம், இந்தத் தறிக்குடோனிலேயே பிறந்து வளர்ந்து படித்து பெங்களூரில் வேலைக்குப் போனவர். அவர் மனைவி சுகந்தலட்சுமி அக்கா அங்கேயே பிறந்தவர், வேலைக்குப் போகிறவர், நல்லவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. வரும்போதெல்லாம் சம்முவுக்கு ஏதாவது கொண்டு வருவார்கள், போகும்போது கார் கதவைச் சாத்த மனசில்லாமல் நிற்பார்கள். அந்த வருசம் வந்தபோது, சம்முவைத் தங்களோடு அனுப்பிவைத்தால் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துத் தங்கள் பிள்ளையாகவே வளர்ப்பதாகக் கேட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு வலது காது அடைத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது, இடது காதிலும் எந்நேரமும் வண்டு கத்துகிறது என்பார். இந்தச் சத்தம் நம்மோடு போகட்டும், பிள்ளைக்கு வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

சமையல்கட்டில் வைத்து அவரிடம் மட்டும், "வேண்டாங்க" என்றேன்.

கோயிலில் கேட்டுக்கொள்ளலாம் என்று அவர் எழுந்துபோய்விட்டார். அதற்கப்புறம் சுகந்தலட்சுமி அக்காதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெத்தவ நீ. நீதான் சொல்லணும் நாச்சி. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா அப்பவே கிளம்பிடறோம். எனக்கு அழுகை வரும், வரட்டும். உன் மேல கோபம் வராது" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கோயிலில் கேட்பதாக வாய்விட்டுச் சொன்ன காரியத்தை வீட்டில் முடிக்கக்கூடாது, முடித்தால் அது கோயிலை மீறினதாகும், ஆகாமல் போவது சம்முவுக்கு.

நான் சொல்வதற்குக் கவுளி சத்தம் கொடுத்தால் பிள்ளை என்னோடு, கொடுக்காவிட்டால் அவர்களோடு என்று பேச்சாயிற்று. அதனால் பழகினேன். ஐ திங்க் மை டாட்டர் ஷுட் லிவ் வித் மீ. என் பிள்ளை என்னோடு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஜெசிந்தா மிஸ்தான் எழுதிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். சம்முவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே நான் அதை முணுமுணுத்தேன், என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் திருத்தினாள்.

"எந்த டாட்டரும்மா?"

"வீட்டுப்பாடம் கண்ணு. அந்தக் கதைல ஒரு டாட்டர்."

"அவ எங்க போறா?"

"எங்கயும் போகல. அதான் பாடம்."

"அப்ப சத்தமாச் சொல்லும்மா. மிஸ் லௌடர் லௌடர்னுதான சொல்லுவாங்க" என்றாள். சத்தமாகச் சொன்னேன். சுவரில் இருந்த பல்லி சொன்னது. சம்மு விரலால் என் முழங்காலைத் தட்டினாள், தரை அவளுக்கு எட்டவில்லை.

மாசத்தில் ஒரு நாள் லைன் வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். ஊரே சும்மா இருக்கிற நாள் என்பதால் அந்த நாளைத்தான் கோயில் காரியத்துக்கு வைப்பார்கள். அப்படி ஒரு நாளில் கூடினோம். கரண்ட் போனதும் தறிகளை அப்படியே விட்டுவிட்டு, சுவிட்சை அணைக்காமல் வருவது எங்கள் ஊர் வழக்கம், கரண்ட் வந்ததும் அதுவாக ஓடட்டும் என்று. மயிலாத்தாள் என் பின்னால் நின்று முதுகில் கை வைத்திருந்தாள். நாகமாணிக்கம் மாமா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். சம்மு கோயில் வாசலில் சுகந்தலட்சுமி அக்காவின் கைக்கடிகாரத்தைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா அதை அவளுக்கே விட்டுவிட்டு உள்ளே வந்து எனக்கு நேராக நின்றார். பண்டாரம் சூடம் ஏற்றினார். ஊர் அவ்வளவு அமைதியாக இருந்தது, சூடம் எரிகிற சத்தம் கேட்டது, உத்தரத்தில் கவுளி திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குப் பயமே இல்லை. கருத்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன்.

கரண்ட் வந்தது.

ஊரில் இருக்கிற அத்தனை தறியும் ஒரே அடியாக ஓட ஆரம்பித்தது. கோயிலை ஒட்டியே ஒரு குடோன். நான் நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். ஐ திங்க் என்றேன், மை டாட்டர் என்றேன், ஒரு வார்த்தை விடாமல், மிஸ் சொல்லிக்கொடுத்தது போலவே முழுசாகச் சொல்லி முடித்தேன். ஆனால் தறி ஓட ஆரம்பித்ததும் என் தொண்டை, பிறந்ததிலிருந்து பழகின தொண்டை, என்னைக் கேட்காமலே மூடிக்கொண்டது. உதடுதான் சொன்னது. கோயிலில் இருந்த அத்தனை பேரும், தறி ஓட ஆரம்பித்தால் எதிராளியின் உதட்டைப் பார்க்கிற பழக்கத்தில், என் உதட்டைப் பார்த்தார்கள். பார்த்து, அத்தனை பேரும் புரிந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர் புரிந்துகொண்டார். மாமா புரிந்துகொண்டு தலையைக் குனிந்தார். பண்டாரம் புரிந்துகொண்டார். கவுளிக்கு மட்டும் ஒன்றும் காதில் விழவில்லை.

சூடம் அணைந்தது.

சுகந்தலட்சுமி அக்கா தறிக்குடோனில் வளராதவர். கூட்டத்திலேயே அவருக்கு மட்டும்தான் நான் சொன்னது தெரியாது. அவர் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன சொன்னாள் என்று கேட்டார். மயிலாத்தாள் முன்னால் வந்து, வேண்டாங்கறா, பிள்ளையக் குடுக்க மாட்டேங்கறா என்று சொன்னாள், அவளுக்கும் சத்தம் வரவில்லை. அவளைப் பார்த்து மற்ற அம்மாக்களும் சொன்னார்கள், கிழவர்கள் சொன்னார்கள், முந்தின வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூடச் சொன்னார்கள், வேண்டாங்கறா, வேண்டாங்கறா என்று கோயில் நிறைய உதடுகள் அசைந்தன, தறி ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு தொண்டையும் திறக்கவில்லை. அக்கா அத்தனை உதடுகளையும் பார்த்துவிட்டு, நாங்கள் எல்லாரும் ஏதோ மந்திரம் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அவரும் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா கண்ணைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் அவர் காதருகில் குனிந்து, காது அடைத்தவர்கள் பேசுகிற அந்தப் பெரிய சத்தத்தில் பேசினார். அத்தனை தொண்டையில் அது ஒன்றுதான் திறந்தது, தறியை மீறி எனக்கே கேட்டது.

"ஒண்ணும் சொல்லலீங் அண்ணி."

வெளியே வந்து, கரண்ட் மறுபடி போன பிறகு மயிலாத்தாள் பண்டாரத்தை மடக்கி, அவள் சொன்னதை நாம் எல்லாரும் பார்த்தோமே என்று சண்டைக்குப் போனாள். பண்டாரம், "பார்த்தோம் அம்மிணி. கேக்கலையே" என்றார். யாருக்கும் அதற்கு மேல் பேசப் பயம். பேசினால் ஆகாமல் போவது பிள்ளைக்கு. வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், உன் மனசு யாருக்கு வரும் என்றார். அப்போது தறி நின்றிருந்தது, வீடு அமைதியாகத்தான் இருந்தது, எனக்குத் தொண்டையும் இருந்தது. சம்மு கைக்கடிகாரத்தோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

கார் கிளம்பும்போது கண்ணாடி ஏற்றியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சம்மு உதட்டால் கேட்டாள், நீ எப்பம்மா வருவே என்று. நான் இந்தப் பக்கம் இருந்து, வர்றேன் கண்ணு என்றேன். அந்த வீதியில் வாசலில் நின்ற எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

முதலில் போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் அவள் அக்கா கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லிக்கொண்டே, இடையில் எனக்கு மட்டும் உதட்டால் சொல்வாள், வந்து கூட்டிட்டுப் போ, இங்க படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது, சத்தமே இல்ல என்று. நானும் உதட்டால் சொல்வேன், தட் தட் தட் தட் என்று தறி போலவே உதட்டை அடித்துக் காட்டுவேன், சிரிப்பாள். வாயில் ஒன்றும் இல்லாமலே இவள் எதையோ மென்றுகொண்டிருக்கிறாள் நாச்சி, டாக்டரிடம் காட்டலாமா என்று அக்கா கேட்டார். அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் அப்போது குடோனில் என் எதிரில் வருவதில்லை, முதுகைக் காட்டியே தறி ஓட்டினார், சோற்றுக்குக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார், என் உதட்டைப் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார்.

தானாகவே சரியாகிவிட்டது. மென்றுகொண்டிருப்பது குறைந்தது. தமிழும் குறைந்தது. ஐ திங்க், ஐ திங்க் என்றுதான் எதையும் ஆரம்பித்தாள், எனக்கு எட்டாத வேகத்தில் கருத்து கருத்தாகச் சொன்னாள். நான் சனிக்கிழமை வகுப்பை விட்டிருந்தேன், அம்மாவாக இருந்தால்தானே அந்த வகுப்பு.

நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டாள். வீட்டுக்குள் இருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. போனைக் காதோடு ஒட்டிக் கேட்டுவிட்டு, முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். முன்பல் முளைத்திருந்தது. பள்ளிக்கூடம், புதுத் தோழி, நீச்சல் குளம் என்று என்னென்னவோ சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, அவளாகவே, ஐ திங்க் ஐ லைக் இட் ஹியர் என்றாள். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது.

என் தலைக்கு மேலே பல்லி சொன்னது. தறிச்சத்தத்தைத் தாண்டி குடோன் தகரத்தில் சொன்னது, மயிலாத்தாள் வீட்டில் சொன்னது, பஸ் ஸ்டாப்பில் சொன்னது, செல்லாண்டியம்மன் கோயில் உத்தரத்தில் சொன்னது. பொய்க்குச் சொல்லாத கவுளி. ஊரில் எல்லாரும் செய்த வேலையை விட்டுவிட்டுக் குனிந்து தரையைத் தட்டியிருப்பார்கள். என் விரலும் தரையில்தான் இருந்தது, எப்போது போனதென்று தெரியாது.

நிமிர்ந்து, போனை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, முழுசாகச் சொன்னேன். இங்கிலீசில் இல்லை, நம் பாஷையில், தறி ஓடும்போது பேசுகிற மாதிரி, அவள் தொட்டிலில் கிடந்தபோது பேசின மாதிரி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தாள். என் உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள்.

"அம்மா, யூ ஆர் ஆன் மியூட்" என்றாள். எனக்குப் புரியாது என்று நினைத்து, கீழே மைக் படம் போட்ட பொத்தான் இருக்கும் பாருங்கள், அதை அமுக்குங்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

அவள் சொன்ன இடத்தில் தேடினேன். மைக் திறந்துதான் இருந்தது.